பழகியது யார், பழக்கியது யார்?

பிழை திருத்துவது என் தொழில். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்துக்கு இரவுப் பணியில் இருந்தபோது ஒரு செய்தி வந்தது. பத்தாம் வகுப்பு மாணவி, டியூஷன் ஆசிரியர், அவருக்கு நாற்பது தாண்டிய வயது. 'இருவரும் நெருங்கி பழகி வந்துள்ளனர்' என்று நிருபர் எழுதியிருந்தார். நான் நடுவில் ஒரு 'ப்' போட்டு 'நெருங்கிப் பழகி' என்று திருத்தி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த வரியில் விட்டுப்போன ஒற்று 'ப்' மட்டும் இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. 'பழகி' என்பதற்குள் ஒரு 'க்' வந்திருக்க வேண்டும். அந்த ஆள் பழகி வரவில்லை, பழக்கி வந்திருக்கிறார்.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். அடங்கினான் என்றால் தானே அடங்கினான். அடக்கினான் என்றால் இன்னொருவரை. திருந்து, திருத்து. உருள், உருட்டு. அதே கணக்கில்தான் பழகு, பழக்கு. பழகுவது இரண்டு பேர் சேர்ந்து செய்வது. பழக்குவது ஒருவர் செய்ய, இன்னொருவருக்கு நடப்பது. மாட்டை வண்டிக்குப் பழக்குவார்கள், காட்டு யானையைக் கும்கியாகப் பழக்குவார்கள். 'க்ரூமிங்' என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த 'க்'கிலிருந்துதான் தொடங்குவேன்.

க்ரூமிங் என்றதும் நாய்க்கு முடி வெட்டும் கடையோ, நேர்முகத் தேர்வுக்கு முன் ஷூ பாலிஷ் போடச் சொல்லும் வகுப்போ ஞாபகம் வரலாம். குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் அதே சொல்லை வேறு பொருளில் சொல்கிறார்கள். ஒரு பெரியவர், ஒரு சிறுமியையோ சிறுவனையோ பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொள்ளும் எண்ணத்தோடு, முதலில் அந்தக் குழந்தையின் நம்பிக்கையைச் சம்பாதித்து, மற்றவர்களிடமிருந்து மெல்லப் பிரித்து, கூச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கடைசியில் வெளியே சொல்ல முடியாத நிலையில் கொண்டுவந்து நிறுத்துவது. குற்றத்துக்கு முன்னால் நடக்கும் வேலை இது. பிரிட்டன் 2003-ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்தது. முன்கூட்டியே தொடர்பு வைத்துக்கொண்டு, தீய நோக்கத்தோடு ஒரு குழந்தையைச் சந்திப்பதும், சந்திக்கக் கிளம்புவதும்கூட அதன்படி குற்றம்.

சொன்னால் சுலபமாகப் புரிகிறது. உள்ளே இருந்து பார்த்தால் ஏன் புரிவதில்லை என்பதுதான் கஷ்டமான கேள்வி. 'கத்தியிருக்கலாமே, வீட்டில் சொல்லியிருக்கலாமே, அவளே ஆசைப்பட்டுத்தானே போனாள்' என்று நாம் கேட்பதெல்லாம் வெளியே நின்று கேட்பது. உள்ளே போய்ப் பார்க்க எனக்கு உதவியது ஒரு நாவல். அமெரிக்க எழுத்தாளர் கேட் எலிசபெத் ரஸ்ஸல் எழுதி 2020-இல் வெளிவந்த 'மை டார்க் வனெஸா'.

கதை சுருக்கமாக இது. 2000-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலம். ப்ரோவிக் என்ற கற்பனையான உறைவிடப் பள்ளி. வனெஸா வை என்ற பெண்ணுக்கு 15 வயது. அவளுடைய ஆங்கில ஆசிரியர் ஜேக்கப் ஸ்ட்ரேனுக்கு 42. அப்போது தொடங்குவது பல வருஷங்களுக்கு நீள்கிறது. இன்னொரு பக்கம் 2017. வனெஸாவுக்கு 32 வயது, ஒரு ஹோட்டலில் விருந்தினர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. 'மீ டூ' அலை அடிக்கும் நேரம். அதே ஸ்ட்ரேன் மீது டெய்லர் என்ற இன்னொரு முன்னாள் மாணவி பகிரங்கமாகக் குற்றம் சாட்டுகிறாள். நாவல் இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே மாறி மாறிப் போகிறது. எல்லாவற்றையும் சொல்வது வனெஸாவேதான். அவள் அதைக் காதல் கதையாகவே சொல்கிறாள்.

நாவலின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அவள் வாயால் காதலைக் கேட்கிறோம், அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

எப்படித் தொடங்குகிறது பாருங்கள். வனெஸா தனியாள். வீடு தூரத்தில். ஒரே ஒரு நெருங்கிய தோழி இருந்தாள், அவளோடும் பேச்சு முறிந்துவிட்டது. ஒரு வகுப்பறையில் இருபது பேர் இருந்தால் யார் யாரோடு உட்கார்கிறார்கள், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்பது அனுபவமுள்ள ஆசிரியருக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். நல்ல ஆசிரியருக்கு அது அக்கறைக்கான காரணம். ஸ்ட்ரேன் மாதிரி ஆளுக்கு அது வேறு கணக்கு. அமெரிக்க உளவியலாளர்கள் ஜார்ஜியா விண்டர்ஸும் எலிசபெத் ஜெக்லிக்கும் தங்கள் சகாவோடு சேர்ந்து, இந்த நாவல் வந்த அதே 2020-இல் க்ரூமிங்கை ஐந்து கட்டமாகப் பிரித்து விளக்கினார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது அதில் முதல் கட்டம். அணுக வழி செய்து தனிமைப்படுத்துவது, நம்பிக்கை வளர்ப்பது, பேச்சிலும் தொடுதலிலும் கூச்சத்தை மழுங்கச் செய்வது, எல்லாம் நடந்த பிறகு வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது என்று மற்றவை. நிஜத்தில் இவை இவ்வளவு வரிசையாக வருவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் வரும். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு நாவலைப் படித்தால், ஒரு வார்த்தைகூட ஆராய்ச்சி பேசாமல் ரஸ்ஸல் ஐந்தையும் காட்டியிருப்பது தெரியும்.

அவளுடைய தலைமுடி இலையுதிர் காலத்து மேப்பிள் இலையின் நிறம் என்று ஆசிரியர் சொல்கிறார். அவ்வளவுதான். இதைப் போய் யாரிடம் புகார் சொல்வது? சொன்னால் 'அழகாத்தானே சொல்லியிருக்கார்' என்பார்கள். அடுத்து, அவள் எழுதும் கவிதைகளைப் பாராட்டுகிறார். மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது என்கிறார். புத்தகங்கள் தருகிறார். நீயும் நானும் ஒரே மாதிரி, இருண்ட மனசுக்காரர்கள் என்கிறார். 15 வயதில், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண்ணுக்கு இது எப்படி இருக்கும்? யாரோ அறையில் விளக்கைப் போட்ட மாதிரி இருக்கும். அந்த வெளிச்சம் அவளுக்கு நிஜம். அவளுக்கு வந்த ஈர்ப்பும் பொய் இல்லை. அதை நாவல் மறுக்கவும் இல்லை. ஆசிரியர் மேல் ஈர்ப்பு வருவது அந்த வயதில் சகஜம். அந்த ஈர்ப்பை வைத்துக்கொண்டு 42 வயதுக்காரர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புத்தகங்கள் என்றேன். அதில் ஒரு நுட்பமான இடம் உண்டு. ரஷ்யாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவின் 'பேல் ஃபயர்' நாவலில் ஒரு நீண்ட கவிதை வருகிறது. அதில் 'மை டார்க் வனெஸா' என்று ஓர் அழைப்பு. ரஸ்ஸல் நாவலின் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். ஸ்ட்ரேன் அந்த வரியை வனெஸாவுக்குக் காட்டுகிறார். தன் பெயர் ஒரு பெரிய எழுத்தாளரின் கவிதையில் இருப்பதைப் பார்த்து அவள் சொக்கிப்போகிறாள், தனக்காகவே எழுதியதைப் போல. மூலக் கவிதையில் அது யார் யாரிடம் சொல்வது தெரியுமா? ஒரு வயதான கவிஞர் தன் மனைவியிடம் சொல்வது. கல்யாணமாகி 40 வருஷம் ஆகிறது என்று அவரே அந்தக் கவிதையில் சொல்கிறார். வனெஸா என்பது அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்தின் பெயர். நபக்கோவ் வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியாளரும்கூட. கிழக் கணவர் கிழ மனைவியைக் கொஞ்சிய வரியை எடுத்து, பத்தாம் வகுப்பு வயதுப் பெண்ணின் கையில் கொடுக்கிறார் ஒருவர். இலக்கியம் சொல்லித் தருகிறவர் இலக்கியத்தையே தூண்டில் புழுவாக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம், யாரும் கவனிக்காத மாதிரி, தற்செயல் போலத் தோன்றும் ஒரு சின்னத் தொடுதல் வருகிறது. அது ஒரு சோதனை. அவள் விலகினால் 'அடடா, தெரியாமல் பட்டுவிட்டது' என்று முடித்துக்கொள்ளலாம். விலகாவிட்டால் அடுத்த படி. அவள் பேசாமல் இருந்தது பயத்தினாலா, குழப்பத்தினாலா, சந்தோஷத்தினாலா என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் அந்த மௌனம் அவள் கணக்கில் சம்மதம் என்று எழுதப்பட்டுவிடுகிறது.

ஸ்ட்ரேன் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறார். இந்த நாவலில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது அதுதான். வில்லன் என்றால் கையைப் பிடித்து இழுப்பான் என்றுதானே சினிமாவில் பார்த்திருக்கிறோம். இவர் 'சரியா? உனக்குச் சம்மதம்தானே?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். பதிலை முன்பே தயார் செய்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. ஆனால் அவள் 'சரி' என்ற அந்த ஒரு சொல் அவள் கழுத்தில் வாழ்நாள் முழுக்கத் தொங்குகிறது. நான்தானே சரி சொன்னேன், நான்தானே போனேன், நான்தானே விரும்பினேன். போதாததற்கு, அதிகாரம் எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது, நீ நினைத்தால் என் வாழ்க்கையே முடிந்துபோகும் என்கிறார். 15 வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய கிரீடம்! அவரைக் காப்பாற்றுவது இனி அவள் பொறுப்பு.

இதற்கு மேல் பூட்டு ஒன்று. விஷயம் வெளியே தெரிந்தால் நான் ஜெயிலுக்குப் போவேன், உன்னையும் பெற்றோரிடமிருந்து பிரித்து எங்காவது காப்பகத்தில் விட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார். கொஞ்சலும் மிரட்டலும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

பொள்ளாச்சிக்கு மேலே வரகளியாறு முகாமில் 'கரால்' என்று மரக்கட்டைகளால் ஒரு கூண்டு உண்டு. 2019-இல் சின்னத்தம்பி யானையை அதில்தான் அடைத்தார்கள். கராலுக்குள் இருக்கும் யானைக்குக் கரும்பும் வெல்லமும் கொடுத்துப் பாகன் தன் குரலுக்குப் பழக்குவார். அடைத்தவர்கள் பக்கத்திலிருந்து வரும் கையே ஊட்டவும் செய்கிறது. அதனால் கை மேல் பாசம் வந்துவிடுகிறது. 1981-இல் டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அடிபடும் மனைவிகள் ஏன் கணவர்களை விட்டுப் போவதில்லை என்ற கேள்வியிலிருந்து கிட்டத்தட்ட இதையே சொன்னார்கள். ஒருவர் கையில் முழு அதிகாரம் இருந்து, அவர் ஒரு நேரம் கொடுமையும் ஒரு நேரம் அன்பும் காட்டினால், அந்தப் பிணைப்பு இளகுவதற்குப் பதிலாக இறுகுகிறது. யானை உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. யானைக்குக் கராலின் கட்டைகள் கண்ணுக்குத் தெரியும். முட்டும், பிளிறும். வனெஸாவுக்குக் கட்டைகளே தெரியவில்லை.

பள்ளியில் ஒருநாள் விஷயம் கசிகிறது. அப்போது என்ன நடக்கிறது என்பதை நாவல் சில பக்கங்களில் சொல்லி நகர்ந்துவிடுகிறது, படிக்கிற நமக்குத்தான் நகர முடியவில்லை. வனெஸா ஓர் அறை நிறைய மாணவர்களுக்கு முன்னால் நின்று, நான் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்கிறாள். பள்ளியை விட்டுப் போவது அவள். ஸ்ட்ரேன் தொடர்ந்து பாடம் நடத்துகிறார். குழந்தையை மட்டும் பழக்கினால் போதாது, சுற்றியிருக்கும் பெரியவர்களையும் பழக்க வேண்டும். ரொம்ப நல்ல மனுஷன், மாணவர்களுக்காக உயிரையே விடுவார் என்று பத்து பேர் முன்பே சொல்லிவைத்திருந்தால், பதினோராவதாக ஒரு பெண் வந்து வேறு மாதிரி சொல்லும்போது எடுபடாது. பள்ளிக்கோ தன் பெயர் கெடக் கூடாது என்ற கவலை.

சரி, 17 வருஷம் கழித்து? அவள் பெரியவளாகிவிட்டாள், உலகமே இதைப் பற்றிப் பேசுகிறது, டெய்லர் தைரியமாக வெளியே வந்துவிட்டாள். இப்போதாவது வனெஸாவுக்குக் கோபம் வர வேண்டாமா? வருகிறது, டெய்லர் மேல். டெய்லர் சொல்வது நிஜமென்றால், ஸ்ட்ரேனுக்கு வனெஸா ஒருத்தி மட்டும் இல்லை. தலைமுடி, கவிதை, இருண்ட மனசு எல்லாம் ஒரு நடைமுறை. ஒவ்வொரு வருஷமும் புது நோட்டில் எழுதும் பழைய பாடம். தான் பாதிக்கப்பட்டவள் என்று ஒப்புக்கொள்வதுகூட அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. தான் விசேஷமானவள் இல்லை என்று ஒப்புக்கொள்வதுதான் தாங்க முடியாதது.

ரூபி என்ற மனநல ஆலோசகரிடம் அவள் பேசும் இடம் ஒன்று வருகிறது. இது காதல் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று கெஞ்சுவதைப் போலச் சொல்கிறாள். காதல் இல்லையென்றால் இது என்ன, என் வாழ்க்கை முழுக்க இதுதானே என்பது அவள் கேள்வி. நான் புத்தகத்தைக் கீழே வைத்த இடம் அது. துன்புறுத்தலைக் காதல் என்று தப்பாக எடுத்துக்கொண்டாள் என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம், ஏதோ பஸ் நம்பரைத் தப்பாகப் பார்த்து ஏறிவிட்ட மாதிரி. இது அந்த மாதிரித் தப்பு இல்லை. 15 வயதிலிருந்து அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் அவள் வீடு கட்டியிருக்கிறாள். அஸ்திவாரத்தை உருவு என்றால் வீட்டில் இருக்கும் ஆள் எங்கே போவாள்? 'ஏன் இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறாள்?' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை, இந்த நாவலைப் படியுங்கள் என்பேன்.

நபக்கோவின் 'லோலிடா'வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஸ்ட்ரேன் வனெஸாவுக்குக் கொடுக்கும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. 1955-இல் பாரீஸில் வெளிவந்த நாவல் அது. 12 வயது டொலோரஸ் ஹேஸ் என்ற சிறுமியைச் சீரழிக்கும் ஹம்பர்ட் என்ற ஆள் தன் கதையைத் தானே சொல்கிறான், மயக்கும் மொழியில். ரொம்பப் பேர் அந்த மொழியில் விழுந்துவிட்டார்கள். இன்று அகராதிகளில் 'லோலிடா' என்றால் வயதுக்கு மீறி மயக்கும் சிறுமி என்று பொருள் போட்டிருக்கிறார்கள். ஹம்பர்ட் வாசகர்களையும் பழக்கிவிட்டான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவன் தூங்குவதாகப் பாசாங்கு செய்ததும் அந்தச் சிறுமி ஒவ்வொரு இரவும் அழுதாள் என்ற வரி அதே நாவலில் இருக்கிறது. அவனே சொல்கிறான், போகிற போக்கில். அகராதிக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டார்கள் போல. ரஸ்ஸல் செய்தது, கதை சொல்லும் நாற்காலியில் ஹம்பர்ட்டை எழுப்பிவிட்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்தது. ஆனால் அவள் உட்கார்ந்த பிறகும் அவனுடைய மொழியில்தான் பேசுகிறாள். இன்னும் பேச வேறு மொழி கிடைக்கவில்லை. தன் நாவலை, நிஜ வாழ்க்கையின் டொலோரஸ் ஹேஸ்களுக்கும் வனெஸா வைகளுக்கும் ரஸ்ஸல் சமர்ப்பித்திருக்கிறார்.

நிஜ வாழ்க்கையிலும் அதே 2020 ஜனவரியில் ஒன்று நடந்தது. பிரான்ஸில் வனெஸா ஸ்ப்ரிங்கோரா என்ற பதிப்பாளர் தன் அனுபவத்தை நூலாக எழுதினார். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். 1980-களின் நடுவில் அவருக்கு 14 வயது. ஐம்பதை எட்டிய பிரபல எழுத்தாளர் கேப்ரியல் மாட்ஸ்னெஃப், கடிதம் மேல் கடிதமாக எழுதி அவரைத் தன் பக்கம் இழுத்தார். ஊருக்குத் தெரியாத ரகசியம் இல்லை இது. சிறுவர் சிறுமியர் மீதான தன் ஆசையை மாட்ஸ்னெஃப் புத்தகங்களாகவே எழுதி வெளியிட்டுக்கொண்டிருந்தார், விருதும் வாங்கினார். 1990-இல் ஒரு பிரபல டி.வி. இலக்கிய நிகழ்ச்சியில் எல்லோரும் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த டெனிஸ் பொம்பார்டியே என்ற எழுத்தாளர் ஒருவர்தான் முகத்துக்கு நேரே கண்டித்தார். அதற்காக அவரைத்தான் திட்டினார்கள். மாட்ஸ்னெஃப் சிறுமிகளைப் புத்தகத்துக்குள் அடைத்தார் என்றால், அவரையே ஒரு புத்தகத்துக்குள் அடைப்பது என்று ஸ்ப்ரிங்கோரா முடிவு செய்தார். புத்தகம் வந்ததுமே அரசு வழக்கறிஞர்கள் விசாரணையைத் தொடங்கினார்கள். 2021 ஏப்ரலில், 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் பெரியவர்கள் சம்மதம் என்ற பேச்சையே எடுக்க முடியாதபடி பிரான்ஸ் சட்டம் கொண்டுவந்தது.

இங்கே நம் போக்ஸோ சட்டம் 2012-லேயே 18 வயது என்று கோடு போட்டுவிட்டது. அதற்குக் கீழே 'அவளும் சம்மதித்தாள்' என்ற வாதத்துக்கு இடமில்லை. குற்றம் செய்தவர் அதே பள்ளியின் ஊழியர் என்றால் தண்டனை இன்னும் கடுமை. தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதும் குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, 'இருவரும் நெருங்கிப் பழகி வந்தனர்' என்று எழுதும் நம் மொழிதான் இன்னும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

இதையெல்லாம் படித்தால், அக்கறை காட்டும் ஆசிரியர் எல்லோர் மேலும் சந்தேகம் வரும்போல இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு தமிழ் ஐயா இருந்தார். நான் எழுதிய ஒன்றரைப் பக்கக் கதையைப் படித்துவிட்டு, பழுப்பு அட்டை போட்ட ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தார். "வீட்டுல அம்மாகிட்ட காட்டுடா, ஐயா குடுத்தாருன்னு சொல்லு" என்றார். இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அறையில், ஏழெட்டுப் பேர் இருக்கும்போதே, "என்னடா, படிச்சியா, எது புடிச்சுது?" என்று சத்தமாகக் கேட்டார். கணக்கு சார் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரும் பாராட்டினார், புத்தகம் கொடுத்தார், நீ மற்றவர்களைப் போல இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ரேன் செய்த அதே மூன்று காரியம். ஒன்றே ஒன்றுதான் இல்லை: 'யாரிடமும் சொல்லாதே.' ரகசியம் எந்த நிமிஷத்தில் உள்ளே வருகிறதோ அந்த நிமிஷத்தில் கவனிக்க வேண்டும். அது பரிசாக இருக்கலாம், செல்போனாக இருக்கலாம், இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்பாக இருக்கலாம். பெண் குழந்தைக்கு மட்டும் இல்லை, பையனுக்கும் இதே கணக்குத்தான். பையன்கள் சொல்வது இன்னும் குறைவு.

இரண்டாம் முறை இந்த நாவலைப் படித்தபோது, தொழில் புத்தி விடவில்லை, பென்சிலோடு உட்கார்ந்தேன். வனெஸா 'நான்' என்று தொடங்கும் இடங்களில், அந்தக் காரியத்தை உண்மையில் நகர்த்தியது யார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். வகுப்பு முடிந்தும் அவள் அங்கேயே நிற்கிறாள், ஆனால் நிற்க ஆசைப்படும்படி செய்தது யார்? அவள் அவருக்காகப் பொய் சொல்கிறாள், ஆனால் பொய்யைச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்தது யார்? முதல் சில அத்தியாயங்களிலேயே ஓரம் நிறைந்துவிட்டது. முதல் வாசிப்பில் இதில் பாதி எனக்குத் தெரியவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் சொன்னதை அப்படியே நம்பிப் போயிருந்தேன்.

போன மாதம் மறுபடி அதே மாதிரி ஒரு செய்தி மேஜைக்கு வந்தது. கிட்டத்தட்ட அதே வாக்கியம். நிருபர் இளைஞர், நல்ல பையன். போன் போட்டு, "தம்பி, அந்தப் பொண்ணு கையில இருந்த போன் யார் வாங்கிக் குடுத்தது?" என்றேன்.

"அந்த வாத்தியார்தாண்ணே. வீட்டுக்குத் தெரியாம வச்சிருந்திருக்கு."

"எத்தனை மாசமா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்ணே. ஏன், எதாச்சும் தப்பா எழுதிட்டனா?"

'இருவரும்' என்பதை அடித்தேன். 'நெருங்கிப் பழகி வந்துள்ளனர்' என்பதையும் அடித்துவிட்டு, ஆசிரியர் செல்போன் வாங்கிக் கொடுத்ததையும் அதை மறைக்கச் சொன்னாரா என்பதையும் கேட்டு எழுதும்படி சொன்னேன். பக்கம் போக இருபது நிமிஷம் இருந்தது.